என் மோட்டாருக்கு முன்னால் ஓடுகிறவர்

போர்டிக்சனில் காலையில் ஓடுகிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. கடலைப் பார்த்து ஓடுவார்கள், மரநிழலைத் தேடி ஓடுவார்கள், சனிக்கிழமையானால் கோலாலம்பூரிலிருந்து வந்து படம் எடுத்துக்கொண்டே ஓடுவார்கள். என் வீட்டுக்காரர் ஓடுகிற ரோடுகளை நான்தான் பார்த்து வைத்திருக்கிறேன். நான் பார்த்தது கடலும் இல்லை, நிழலும் இல்லை. இந்த மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஓடி வர அங்கே யார் இருக்கிறார்கள், அதை மட்டும்தான் பார்த்தேன்.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து, சிரம்பானில் வைத்து அவருக்கு ஸ்டென்ட் போட்டார்கள். டாக்டரம்மா முதலில் நடக்கச் சொன்னார், நடந்தார். பிறகு மெதுவாக ஓடிப் பார்க்கலாம் என்றார். அந்த 'மெதுவாக' எங்கே போய் விழுந்ததோ, இவர் காதில் 'ஓடலாம்' மட்டும்தான் விழுந்தது. ஆயுசு முழுக்க லாரி ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள். தெருமுனைக் கடையில் முட்டை வாங்கி வரச் சொன்னால் மோட்டார் சாவியைத் தேடுகிற ஆள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பச்சைக் கலரில் ஒரு சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்து, விடிந்தும் விடியாமலும் வாசலில் உட்கார்ந்து கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவர் அப்பாவும் அண்ணனும் இதே நெஞ்சுவலியில் போனவர்கள். இரண்டு பேரும் அறுபதைப் பார்க்கவில்லை. அப்பா தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்தார். தன் குலை லாரியில் அவரை ஏற்றி டவுனுக்குக் கொண்டுவந்தது இவர்தான். வந்து சேர்ந்தபோது உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை இவர் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். எதற்கு இந்த ஓட்டம் என்று கேட்டால் உடம்பு இளைக்கத்தான் என்பார். எதிலிருந்து ஓடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.

கூட ஓடலாம் என்றால் என் மூட்டு ஒத்துழைக்காது. அதனால் என் பழைய மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனேன். முன்கூடையில் தண்ணீர், துண்டு, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். மாடு ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்றாள் எதிர்வீட்டுக்காரி. சிரிக்கட்டும். மாடாக இருந்தால் கயிறு கட்டியாவது வைத்திருக்கலாம். இவருக்கு என் மோட்டார் சத்தம் ஒன்றுதான் குறை. சைலன்சர் ஓட்டை, நாலு தெருவுக்குக் கேட்கும். மாற்று, மாற்று என்று தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

முதலில் சி ரூசா பக்கம் கடற்கரை ரோட்டில் ஓடினார். அங்கே ஒரு கிளினிக் இருக்கிறது. அது இருக்கிற தைரியத்தில் சில வாரம் நிம்மதியாக வண்டி ஓட்டினேன். ஒரு நாள் வாசலில் நிறுத்தி போர்டைப் படித்தால், கிளினிக் திறப்பது ஒன்பது மணிக்கு. இவர் ஓடி முடித்து, குளித்து, தோசை தின்றுவிட்டு இரண்டாவது கோப்பி குடிக்கிற நேரம் அது. பூட்டின கதவை நம்பி இத்தனை நாள் போயிருக்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. கடல் காற்று நெஞ்சுக்கு ஆகாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி ரோட்டை மாற்றினேன். அவர் ஒரு பார்வை பார்த்தார், மறுநாள் நான் காட்டின ரோட்டில் ஓடினார்.

பிறகு ராணுவ கேம்ப் ரோடு. கேட்டில் எந்நேரமும் இரண்டு பேராவது நிற்பார்கள், இளம்பிள்ளைகள், தூக்கிக்கொண்டு ஓடத் தெம்பு இருக்கும். அப்புறம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வேலி ஓரம். அங்கே ஒரு நேப்பாளி ஜாகா காவல் இருப்பார். அவருக்கு உளுந்து வடை கொடுத்துப் பழக்கம் பிடித்து, உள்ளே ஆம்புலன்ஸ் வண்டி உண்டா, கேட்டைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரித்தேன். அவர் வடையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். என் நெஞ்சைத் தொட்டு, முன்னால் போகிறவரைக் கைகாட்டி, பாதி மலாயும் பாதி சைகையுமாகச் சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்து நாங்கள் கடந்து போகும்வரை அவர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். அந்த மனுஷன் எழுந்து நிற்பதால் என்ன ஆகிவிடப் போகிறது? ஆனாலும் அவரைத் தாண்டும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஜோகூரில் இருக்கிற மகளிடம் போனில் அழுதேன். அப்பா ஆரோக்கியமாகத்தானே இருக்கிறார், விடுங்கள் என்றாள். டாக்டரம்மாவும் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்றார். எல்லோரும் நல்லதையே சொன்னார்கள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு காலையும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போவேன். பனியன் நனைந்து ஒட்டியிருக்கும். ஒரு கால் சற்று இழுத்தாலும் ஆக்சிலேட்டரைத் திருகிக் கிட்டே போய்விடுவேன். பக்கத்தில் இருந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பது போல ஒரு தண்டனை கிடையாது.

இந்த மழைக்காலம் முடிந்த பிறகு டவுனில் ஓட்டப் போட்டி வந்தது. பெயர் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார். மேடு ஏறிப் பழகவேண்டும், தோட்டத்து ரோட்டில் ஓடப்போகிறேன் என்றார். நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டம்தான். இப்போது லயத்து வீடுகள் இல்லை, எல்லாம் செம்பனை. வெளிநாட்டு வேலைக்காரர்கள் எந்தப் பிளாக்கில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. போன் லைன் சுத்தமாகக் கிடையாது. வேண்டாம் என்றேன், கத்தினேன், சோறு ஆக்க மாட்டேன் என்றுகூடச் சொன்னேன். மறுநாள் நான் தலை வாரி முடிப்பதற்குள் ஆள் கிளம்பிவிட்டார். வாரினதும் வாராததுமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

செம்மண் ரோடு மழையில் அரித்துக் கிடந்தது. இரண்டு மேடு ஏறினார். மூன்றாவது மேட்டில் என் மோட்டார் இரண்டு முக்கு முக்கிவிட்டு நின்றுபோனது. உதைத்தேன், உதைத்தேன், உயிர் வரவில்லை. அவர் வளைவில் திரும்பி மறைந்தார். என்னங்க என்று கூப்பிட்ட குரல் மரங்களுக்குள்ளேயே போய் அடங்கியது. போனை எடுத்து ஆகாசத்துக்குக் காட்டினேன். ஒரு கோடுகூட இல்லை.

அவர் அப்பா சாய்ந்த இடம் இதே தோட்டத்தில் எங்கேயோதான் இருக்கிறது. எந்தப் பிளாக் என்று நான் கேட்டதே இல்லை. மோட்டாரை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு மேட்டில் ஏறினேன். அவசரத்துக்கு எடுத்துக் கட்டின சேலை, வீட்டுச் செருப்பு. சாமியைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் பச்சைச் சப்பாத்து தெரியக்கூடாது, கீழே கிடக்கிற மாதிரி தெரியக்கூடாது, இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு மூட்டு வலியோடு ஏறினேன்.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. வழக்கமாக அவர் ஓடுகிற சத்தம் இல்லை, ஆள் தறிகெட்டு வருகிற சத்தம். வளைவிலிருந்து அவர் இறங்கி வந்தார். அப்படி ஓடி அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கைகள் ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம், வாய் திறந்தபடி. என்னைப் பார்த்ததும் நின்றார், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒரு கை நெஞ்சுக்குப் போனது.

வலியா, வலியா என்று கேட்டேன். மூச்சுதான் வாங்கியது அவருக்கு. முந்தானை முடிச்சு அவிழ மாட்டேன் என்றது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். மாத்திரையை நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். தோளைத் தொட்டார், நெற்றியைத் தொட்டார், அடி பட்டிருக்கிறதா என்று தேடுகிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. நான் அவர் நாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். நடுரோட்டில் இப்படியே நின்றோம். வெகுநேரம் கழித்துத்தான் அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

"வண்டிச் சத்தம் நின்னுபோச்சி," என்றார். "நீ விழுந்துட்டேன்னு நெனச்சிட்டேன்."

இத்தனை மாதமாக அந்த ஓட்டைச் சைலன்சரைத்தான் காதில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவரைக் காப்பாற்றப் பின்னால் போனவள் நான். டாக்டரம்மா எது கூடாது என்றாரோ, அதை என்னால்தான் இன்றைக்குச் செய்திருக்கிறார்.

அவரை மோட்டார் தள்ள விடமாட்டேன் என்றேன். என்னைத் தள்ள விடவே மாட்டேன் என்றார். கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினோம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தோம். மேட்டின் அடிக்கு வந்ததும் அவர் நின்றார். செம்பனைகளைச் சுற்றிலும் பார்த்தார். ஓர் ஆள் இல்லை.

"இனிமே இந்தப் பக்கம் வரவேணாம் லா," என்றார். "இங்க ஒனக்கு ஒன்னுன்னா நான் யாரக் கூப்புடறது?"

ஒரு வருஷமாக அவரிடம் கேட்க முடியாமல் நான் ஊரெல்லாம் சுமந்துகொண்டு அலைந்த கேள்வி அது. அதை அவர் என்னிடமே கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

"தெரியலைங்க," என்றேன்.