துரைக்கு வைக்காத சலாம்

பாலவாக்கம் கடற்கரையில் என் மகன் கடலுக்குள் முங்கிப் பார்க்கக் கிளம்பினான். சிலிண்டரின் வால்வைத் திறந்ததும் காற்று புஸ்ஸென்று சீறியது.

"ஆக்ஸிஜன் இல்லம்மா, நாம மூச்சு வுடற காத்துதான். அமுக்கி அடைச்சிருக்காங்க" என்றான்.

அந்தச் சீறலில் எனக்கு அடையாற்றுப் பாலம் நினைவுக்கு வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலம், எனக்கு எட்டு வயது. பாலத்தூணின் அடியைச் சோதிக்க அப்பா பெரிய செப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவார். தொப்பியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் படகுக்கு வரும். படகிலுள்ள பம்புச் சக்கரத்தைச் சுற்றச் சுற்றத்தான் அவருக்கு மூச்சு. அம்மாவின் அண்ணனைத் தவிர வேறு யாரும் அந்தச் சக்கரத்தைத் தொடக் கூடாது. தங்கையின் தாலிக்குப் பயந்தவன் கை ஓயாது என்பது எங்கள் குப்பத்து நம்பிக்கை.

ஒருநாள் துரை வந்தார். எல்லோரும் எழுந்து சலாம் வைத்தார்கள். மாமா மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எழுந்து சலாம் வைடா" என்று மேஸ்திரி கத்தினார்.

"கீய எந்தங்கச்சி புருசன் கீறாரு. துரைய நிக்கச் சொல்லு" என்றார் மாமா.

அப்பா மேலே வரும்வரை துரை வெயிலில் நின்றார். கரையில் என் பக்கத்தில் அம்மா நின்ற நிமிர்வு இன்னும் என் முதுகில் இருக்கிறது.

தொப்பியைக் கழற்றியதும் அப்பா கேட்டார். "இன்னா மச்சான், நடுவுல காத்து பலமா வந்துது?"

"கோவம் மாப்ள" என்றார் மாமா.

மகன் சிலிண்டரின் முள்ளைக் காட்டினான். "எவ்ளோ காத்து கீதுன்னு இது கரெக்டா சொல்லிடும்மா."

"சொல்லட்டும்" என்றேன். "அதுக்குக் கோவம் வருமா?"