அத்தான் சொல்லித்தந்த நோய்

என் முதல் அறிகுறியை முடிவு செய்தவர் அத்தான். அக்காவின் கணவர். பாறசாலையில் மரக்கடை வைத்திருந்தார்.

எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். மலையாள ஆட்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தேன். நாகர்கோவில் நாளிதழ் ஒன்றுக்கு அந்தச் செய்தியை எழுதி அனுப்பியவனும் நான்தான். போலீஸ் வீடு வீடாகத் தேடியது. பிடிபட்டவர்கள் வாங்கிய அடியில், அவர்களை ஸ்டேஷனிலிருந்து தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

"ஜீப்பு வருது, ஜீப்பு வருதுன்னு சொல்லிக்கிட்டே இரி. பைத்தியத்தைப் போலீசு தொடமாட்டான் ஆக்கும்," என்றார் அத்தான்.

"எத்தனை நாளு அத்தான்?"

"கேசு ஆறுத வரைக்கும். பைத்தியாஸ்பத்திரியில சோறு உண்டு மக்கா. உங்க அக்கா வைக்கதைவிட நல்லாவே இருக்கும்."

ஆஸ்பத்திரி நெய்யாற்றின்கரைப் பக்கம் இருந்தது. பூவார் வழியாகத் தோணியில் வந்த உப்பை அடுக்கிவைக்கக் கட்டிய பண்டகசாலை அது. உப்பு வருவது நின்றபின் மனநோயாளிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். மழை வருமுன் சுவர்கள் வியர்க்கும். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு அரிக்கும்.

"இப்போ கேக்குந்நுண்டோ?" ஜீப்பு இப்போது கேட்கிறதா என்று மலையாளத்தில் கேட்டார் டாக்டர்.

"உண்டு," என்றேன்.

செவிப்பிரமை (இல்லாத ஒலி கேட்பது) என்று முடிவு செய்தார். நடிப்பு பலித்ததில் எனக்கு மகிழ்ச்சி. அதற்கு என்ன சிகிச்சை என்று அத்தானும் நானும் யோசித்திருக்கவில்லை.

மின்அதிர்ச்சி (நெற்றிப்பொட்டில் மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைப்பது) கொடுத்தார்கள். அங்கே அன்று மயக்க மருந்து கிடையாது. கைகால்களை ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். பற்களுக்கிடையில் ஒரு ரப்பர் துண்டு. இன்று மயக்கம் கொடுத்துச் செய்கிறார்கள், பலர் தேறுகிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு மருத்துவர் இதைச் சொன்னால் என் கதையைக் காட்டி மறுக்க வேண்டாம். எனக்கு நோய் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அட்டெண்டர் தினமும் கேட்பார்: "எலே ஜீப்பே, இன்னைக்கு யாரைப் பிடிக்க வாறான்?" வார்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஒரு மதியம் நிஜமாகவே ஜீப்பு வந்தது. "வந்தாச்சு," என்றேன். சிரித்த அட்டெண்டர் ஜன்னலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இவன் நடிக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

டாக்டருக்கு அது அவமானமாகிவிட்டது. இன்ஸ்பெக்டரை அருகில் நிறுத்திக்கொண்டு என்னை மேஜையில் படுக்கவைத்தார். என் கால்கள் உதறத் தொடங்கியதும் இன்ஸ்பெக்டர் வராந்தாவுக்குப் போய் வாந்தி எடுத்தாராம். அட்டெண்டர் சொல்லித்தான் தெரியும். போலீஸ் மறுபடி வரவில்லை.

அதற்குப் பிறகு ஜீப்பு எனக்குக் கேட்கத் தொடங்கியது. எப்போதிலிருந்து என்று சொல்ல முடியாது. மின்அதிர்ச்சிக்குப் பின் அந்தக் கால நினைவே என்னிடம் இல்லை. மேடேறும் ஜீப்பு, தாழ்ந்த கியரில். வார்டில் ஒரு தலையும் திரும்பாது. அதைக் கொண்டுதான் அது இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஆட்சி மாறியது, வழக்குகளைக் கைவிட்டார்கள். என்னை அழைத்துப்போக அத்தான் வந்தார். டாக்டர் கடைசியாக ஒருமுறை கேட்டார்: "இப்போ கேக்குந்நுண்டோ?"

கேட்டது, மிகத் தெளிவாக. உண்மையில் வாசலில் ஒரு ஜீப்பு நின்றிருக்கலாம். உண்டு என்றால் வெளியே விடமாட்டார். நிற்கும் ஜீப்பை இல்லை என்றாலும் விடமாட்டார். அத்தான் முகத்தைப் பார்த்தேன். அவர் இல்லை என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார்.

"இல்லை," என்றேன். விட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் கேட்டேன். "அத்தான், அப்போ வெளிய ஜீப்பு நின்னுதா?"

"நான் அதையா கவனிச்சேன்? நீ உண்டுன்னு சொல்லிரப்பிடாதேன்னு தலையாட்டினேன். நல்ல நடிப்பு மக்கா."



ஜீப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து, வருடங்கள் கழித்து நின்றது. பழக்கம் மட்டும் நிற்கவில்லை. எந்த ஒலி கேட்டாலும் முதலில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். அங்கே அசைவு தெரிந்தால்தான் அது ஒலி. அதனால் எல்லோருக்கும் சற்றுப் பின்னால்தான் என் நேரம் ஓடுகிறது. குழந்தை அழுதால் என் மனைவி எழுந்த பிறகே நான் எழுவேன். அடுத்த வீட்டில் சாவு விழுந்தபோதும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். கொஞ்ச காலம் கொப்பரைக் கிடங்காக இருந்து, இப்போது கல்யாண மண்டபம். அத்தானின் பேத்தி கல்யாணம் அங்கேதான் நடந்தது. சுண்ணாம்புக்கு மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதன் மேலும் சுவர் வியர்த்திருந்தது. அத்தான் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவன் நடிச்ச நடிப்புல இன்ஸ்பெக்டரே கக்கிட்டான் ஆக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நானும் சிரித்தேன்.

பந்தி முடிந்து தனியாக வெளியே வந்தேன். பின்னால் ஒரு வண்டிச் சத்தம். பார்ப்பதற்கு அருகில் ஒரு முகமும் இல்லை. நகராமல் நின்றேன். சத்தம் பெருகியது. வண்டியின் இரும்பு கெண்டைக்காலில் இடித்தபோதுதான் விழுந்தேன்.

டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "அண்ணாச்சி, ஹாரன் அடிச்சது கேக்கல்லியா?"

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லை," என்றேன்.