‘கவனக்குறைவு’ என்று எழுத மறுத்த சகாயமேரி சிஸ்டர்

சகாயமேரி சிஸ்டர் போய்விட்டார் என்பது உங்களில் பலருக்கு அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில்தான் தெரிந்திருக்கும். எனக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடிந்து புதுவாயலில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது பார்த்தேன். “நம் முதலுதவி அறை நர்ஸ் சகாயமேரி அவர்கள் வீட்டில் கவனக்குறைவால் ஸ்டூலிலிருந்து விழுந்து காலமானார்.” கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக. இத்தனை வருஷத்தில் யாருடைய காயத்துக்கும் அந்த அம்மா எழுத மறுத்த வார்த்தையை அவருடைய சாவுக்கே எழுதிவிட்டார்கள். எரிச்சலில் போனைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு டீக்கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விழுந்தபோது அவர் கையில் போன் இருந்தது. பிரஸ் ஷாப் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டவன் நான். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் அவர் வீட்டுக்கு அடக்கத்தன்று போனேன். அவருடைய கணவர் ஜெயராஜ் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிடுவதா, மறைப்பதா என்ற குடைச்சலோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேர்வாய் கண்டிகையில் நம் பிரஸ் ஷாப்பில் ஓடுபவை இரும்புத் தகட்டை வெட்டும் மெஷின்கள். கை உள்ளே போகாமலிருக்க முன்னால் ஒரு கம்பி வலைத் தடுப்பு உண்டு. கார்டு என்போம். ஆயுத பூஜைக்கு அதைக் கழற்றிக் கழுவிவிட்டு, மெஷின் முகப்பில் குறுக்காக மாலை போடுவோம். சாமிக்குப் போட்ட மாலையை வாடுமுன் எடுக்கக் கூடாது என்று எவனோ ஒருவன் சொன்னதை எல்லோரும் பிடித்துக்கொண்டோம். மாலையை எடுக்காமல் கார்டை மாட்ட முடியாது. அதனால் இரண்டு மூன்று நாள் கார்டு சுவரோரம் சாய்ந்துகிடக்கும், மெஷின் பாட்டுக்கு ஓடும். ஐ.டி.ஐ. படித்துச் சான்றிதழ் வாங்கிய ஆட்கள் வருஷா வருஷம் செய்த காரியம் இது. நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்படி ஒரு பூஜைக்கு மறுநாளில்தான் என் இடது மோதிர விரலின் நுனி போனது. சிஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார்: “கை உள்ள போன நேரத்துல இன்னா நெனச்சிக்கினு இருந்தீங்க?”

“ஒண்ணும் இல்ல சிஸ்டர்.”

“ஒண்ணுமே நெனைக்காத மனுசன் இருக்கானா? யோசிச்சி சொல்லுங்க. எனக்கு எழுதணும்.”

வலி உயிர் போகிறது, இந்த அம்மா விடுவதாக இல்லை. கடைசியில் உண்மையைக் கக்கிவிட்டேன். பூஜைக்கு ஆபீஸ்காரர்களுக்குப் பெரிய ஸ்வீட் பாக்ஸும் எங்களுக்குச் சின்னதும் கொடுத்திருந்தார்கள். வயது நாற்பது தாண்டியவன், அதை நினைத்துப் பொருமிக்கொண்டே தகட்டை உள்ளே தள்ளியிருக்கிறேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் ‘சின்ன ஸ்வீட் பாக்ஸ், கார்டு இல்லை’ என்று எழுதினார். எச்.ஆர். அதிகாரி ஓடி வந்தார். “கவனக்குறைவுன்னு ஒரே வார்த்தைல எழுதுங்க சிஸ்டர், வேல முடிஞ்சிது” என்றார்.

“அவரு கவனமாத்தான் சார் இருந்தாரு. கவனம் பாக்ஸ் மேல இருந்திச்சி. அப்பிடித்தான் எழுதுவேன்” என்றார் சிஸ்டர்.

அன்றிலிருந்து முனுசாமி என்ற என் பெயர் போய் ‘ஸ்வீட் பாக்ஸ்’ ஆனது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை ஷாப் முழுக்கப் பரப்பியதும் அவர்தான்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், முதல் ஷிப்டுக்கு முன்பே சிஸ்டர் கத்தரிக்கோலோடு வந்து நின்றார். பேண்டேஜ் வெட்டுகிற கத்தரிக்கோல். ஒவ்வொரு மாலையாக வெட்டினார். “இவங்க கிறிஸ்டினு, அதான் நம்ம சாமி மாலைய அறுக்கறாங்க” என்று ஒருவன் காதில் விழும்படியே சொன்னான். அவர் திரும்பினார்.

“சாமி கோவிச்சிக்கினா எங்கிட்ட வரட்டும், நான் பேசிக்கறேன். உன் விரலு போனா நீதான்டா எங்கிட்ட வருவே.”

இரண்டு நாள் அவரோடு யாரும் பேசவில்லை. நானும்தான் பேசவில்லை, விரல் போனவன். அப்புறம் அவரே வழி கண்டுபிடித்தார். மாலையை மெஷின் முகப்பில் போடாமல் பக்கத்து ஸ்விட்ச் பெட்டிமேல் போடச் சொன்னார். இன்றைக்கு நாம் அப்படித்தான் போடுகிறோம். ஏன் அங்கே போடுகிறோம் என்று இப்போது வருகிற எவனுக்கும் தெரியாது, கேட்பதும் இல்லை.

வீட்டில் பட்ட அடியையும் அவர் விடமாட்டார். வெல்டர் ஏழுமலை ஒரு நாள் ஷாக் அடித்த கையோடு வந்தான். வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டவன், ஸ்விட்சை அணைக்காமலே தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்திருக்கிறான். என்ன நினைத்தாய் என்று கேட்டதற்கு “பஸ்ஸு போய்டும்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றான். சிஸ்டர் பதிவேட்டைப் புரட்டினார். மாடிப்படியில் உருண்டவன், கொதிக்கிற குழம்பைக் காலில் கொட்டிக்கொண்டவன், பைக்கில் நாயை இடித்தவன், எல்லோருக்கும் காரணம் ‘பஸ்’. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போட்டார். புதுவாயலில் கம்பெனி பஸ் ஐந்து நிமிஷம் கூடுதலாக நிற்க ஆரம்பித்தது.

மேனேஜர் மாறியதும் அந்த ஐந்து நிமிஷம் போய்விட்டது. பதிவேடும் போய், அச்சடித்த படிவம் வந்தது. அதில் காரணம் என்ற இடத்தில் நாலு கட்டம், முதல் கட்டமே கவனக்குறைவு. டிக் அடித்தால் போதும். சிஸ்டர் டிக் அடிக்காமல் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நாமும் அவருக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது குழுவில் கும்பிடு போடுகிறோம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, மேலே கை ஓடாமல் நேற்று எழுந்து ஜெயராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் தான் ஓட்டும் ஷேர் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். அன்று எனக்குத் தலைவலி. முதலுதவி அலமாரி பூட்டியிருந்தது. கொஞ்சம் தைலம் வேண்டும், சாவி எங்கே என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். பிரஸ் ஷாப் போன் வந்தாலே யாருக்கோ வெட்டு என்றுதான் சிஸ்டர் நினைப்பார். ஹலோ சொல்லும் வழக்கமே கிடையாது. “யாருக்கு இன்னா ஆச்சி?” என்றார். நேராகச் சாவியைக் கேட்டிருக்கலாம். விளையாட்டாக “ஸ்வீட் பாக்ஸ் பேசறேன் சிஸ்டர்” என்றேன். “அய்யோ, மறுபடியுமா? அடி எங்க?” என்று பதறினார். அப்புறம் தடதடவென்று ஒரு சத்தம், போன் செத்துவிட்டது. டவர் போய்விட்டது என்று நினைத்தேன். இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அண்ணன் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு சொன்னார்:

“கிறிஸ்மஸ் ஸ்டார கழட்டிக்கினு இருந்தா முனுசாமி. நான்தான் ஸ்டூல புடிச்சிக்கினு இருந்தேன். போனு ஜன்னல்ல அடிச்சிது. ‘கம்பெனி போனு, எடுத்தாருங்க, எடுத்தாருங்க’ன்னா. கைய உட்டுட்டு எடுத்தாந்து குடுத்தேன். குடுத்துட்டு மறுபடியும் புடிச்சனா? புடிக்கல. யாருக்கு இன்னா ஆச்சோன்னு அவ மூஞ்சியவே பாத்துக்கினு நின்னேன்.”

“அண்ணா...”

“ஆஸ்பத்திரில கேட்டாங்க. நான் வூட்டுக்குப் பின்னாடி இருந்தேன், அவதான் கவனமில்லாம வுழுந்துட்டான்னு சொல்லிட்டேன். வாய்ல அதான் வந்திச்சி.”

குழுவில் வந்த வார்த்தை இந்த வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. என்மேல் இருந்த கோபமும் குறையவில்லை. சிஸ்டர்மேலும் கோபம்தான். காலாடும் ஸ்டூல்மேல் நிற்கிறவர், “இருங்க, இறங்கிட்டுப் பேசறேன்” என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? நமக்குச் சொன்னதெல்லாம் அவருக்குக் கிடையாதா?

“இத எழுதப் போறேண்ணா. உங்களுக்கு வேணாம்னா உட்டுடறேன்” என்றேன்.

“எழுது. நான் புடிக்கலன்னு எழுது. அவ மேல மட்டும் எழுதாத” என்றார்.

எழுதிவிட்டேன். குழுவில் போட்டதைத் திருத்திவிடுங்கள். சிஸ்டரின் கவனமெல்லாம் என் கைமேல் இருந்தது.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கடைசிக் கேள்வி மட்டும்தான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அடிபட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டேதான் அவர் போயிருக்கிறார்.

அடி எங்கேயும் இல்லை சிஸ்டர். வெறும் தலைவலி.