கூப்பிட்டால் கேட்காத வீடு

லாசெல்ஸ் ஸ்வேபி முப்பத்தொன்பது வருஷம் பர்மிங்ஹாமில் குளிரைத் திட்டிக்கொண்டே பஸ் ஓட்டினார். ஜமைக்காவுக்குத் திரும்பும்போது அந்தக் குளிரைத் தடுக்கிற ஜன்னல்களையும் கூடவே கொண்டுவந்தார். இரட்டைக் கண்ணாடி போட்டு, காற்றும் சத்தமும் நுழையாதபடி ரப்பர் வைத்து அடைத்தவை, மொத்தம் இருபத்திரண்டு. கன்டெய்னர் லாரி மலையேறி வந்தபோது எங்கள் மலைக்கிராமம் சீடர் ஹில் முழுக்கச் சிரித்தது. இங்கே டிசம்பரில்கூட ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் அவர் முகத்துக்கு நேரே யாரும் சிரிக்கவில்லை. சீமையிலிருந்து திரும்பியவர்களுக்கு நாங்கள் பட்டப்பெயர் வைப்பதோடு நிறுத்திக்கொள்வோம். அவருக்கு 'இங்கிலீஷ்' என்று வைத்தோம். அங்கே அத்தனை வருஷமும் 'ஏய் ஜமைக்கா' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே வந்தால் இப்படி. பாவம், மனிதர் எந்தப் பக்கம்தான் திரும்புவார்.

வீடு அவருடைய அப்பாவின் மனையில்தான், மலை உச்சியில். இரண்டு மாடி, ஆறு படுக்கையறை, அதில் தூங்க ஒரே ஓர் ஆள். மனைவி ஐவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மகள் பர்மிங்ஹாமிலேயே இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். மாண்டெவில் டவுனில் இவரைப் போலவே திரும்பி வந்த ஒரு கூட்டம் உண்டு. சர்ச் முடிந்ததும் அவர்கள் பேசுவதெல்லாம் திருட்டைப் பற்றித்தான். யாரைக் கட்டிப்போட்டார்கள், யார் வீட்டுக் கம்பியை அறுத்தார்கள் என்று மாறி மாறிச் சொல்லி, ஒருவரையொருவர் நன்றாகப் பயமுறுத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். லாசெல்ஸ் ஆள் உயரத்துக்கு மேலே மதில் எழுப்பினார். உள்ளே எட்டிப் பார்க்க முடியாத இரும்பு கேட் போட்டார், பூட்டினார், பக்கத்தில் ஒரு பட்டன் வைத்து மணி மாட்டினார். ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. மூடிய வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் ஏசியும் வைத்தார். மூன்று பக்கம் மலைக்காற்று அடிக்கிற இடத்தில்.

இத்தனைக்கும் அவர் திரும்பி வந்தது வீட்டுக்காக இல்லை. அண்ணன் டட்லிக்காக வந்தார்.

டட்லி ஐந்து வயது மூத்தவர். அதே மலைக்குக் கீழே, ரோட்டை ஒட்டிய பலகை வீட்டில் மனைவி அயோனியோடு இருந்தார். ஆரஞ்சு மரங்களும் கொஞ்சம் கிழங்கும்தான் பிழைப்பு. அண்ணன் தம்பிக்குள் கடிதப் பேச்சும் நின்று இருபத்திரண்டு வருஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் அம்மா இறந்தபோது தந்தி போனது. லாசெல்ஸ் வரவில்லை. லீவு கிடைக்காமல் இல்லை. இருபது வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாத டிரைவருக்குக் கம்பெனியில் விழா எடுத்து ஒரு சுவர்க்கடிகாரம் தருவார்கள். அவருக்கு அதற்கு இன்னும் பத்து வாரம் பாக்கி இருந்தது. அம்மாதான் போய்விட்டாளே, இனி இப்போது போனால் என்ன, மூன்று மாதம் கழித்துப் போனால் என்ன என்று நினைத்தார். பளிங்கில் கல்லறைக்கல் செய்து அனுப்பினார். கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டார்.

டட்லியிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. "அம்மாவைத் தூக்க ஆறு தோள் வேணும். நம்ம வீட்டுல அஞ்சுதான் இருந்துச்சு. ஆறாவதுக்கு ரொட்டிக் கடைக்காரனைக் கூப்பிட்டோம். இனிமே உனக்கு எழுத மாட்டேன். நேர்ல வா, பேசிக்கிறேன்." அந்தக் கடிதத்தை அவர் கிழிக்கவும் இல்லை, பதில் எழுதவும் இல்லை. முதல் வருஷம் வெட்கம் தடுத்தது. பிறகு ஒவ்வொரு வருஷமும், போன வருஷமே போயிருக்க வேண்டும் என்ற எண்ணம் தடுத்தது.

இப்போது நேரில் வந்தாயிற்று. எங்கள் பக்கத்தில் வெளியூரிலிருந்து ஒருவன் வந்தால் இருக்கிறவர்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். வந்தவன் வீடு வீடாகப் போனால், சீமைப் பவுசைக் காட்ட வந்தான் என்பார்கள். லாசெல்ஸ் இந்த வழக்கத்தை மறக்கவில்லை. அண்ணன் வருவான் என்று காத்திருந்தார். வழக்கம் ஒரு சாக்குதான். உண்மையில் அண்ணன் முன்னால் போய் நிற்க அவருக்குப் பயமாக இருந்தது. காரில் டவுனுக்குப் போகும்போதெல்லாம் பலகை வீட்டைத் தாண்டும் இடத்தில் ரேடியோவை நோண்டிக்கொண்டே போவார்.

ஒரு மாதம், மூன்று மாதம், எட்டு மாதம். யாரும் வரவில்லை. மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. கரன்ட் பில் கொடுக்க வந்தவன்கூடக் கேட்டில் செருகிவிட்டுப் போனான். 'வயிறு எரியுது இவங்களுக்கு' என்று மகளிடம் போனில் சொன்னார். ஒரு நாள் காலை கேட்டின் கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே வாழையிலையில் சுற்றிய ஏதோ கரிந்த உருண்டை. வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கத் திருடர்கள் இப்படி எதையாவது மாட்டிவிட்டுப் போவார்கள் என்று சர்ச்சில் சொல்லியிருந்தார்கள். பையைக் குச்சியால் தள்ளி எடுத்துப் பள்ளத்தில் வீசினார். பூட்டை மாற்றினார்.

அக்டோபரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்து எங்கேயோ மரம் சாய்ந்து கரன்ட் போனது. ஏசி நின்றது. கரன்ட் போன இரண்டாம் நாள் பகலில் வீட்டுக்குள் மூச்சு முட்ட, வேறு வழியில்லாமல் லாசெல்ஸ் ஜன்னல்களைத் திறந்தார். மழை விட்டிருந்தது. கோழிச் சத்தம், எவரோ விறகு பிளக்கிற சத்தம், கீழே யாரோ யாரையோ வைகிற சத்தம் எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன. அத்தனையையும் மீறி, கேட் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"நாயைப் பிடி! நாயைப் பிடிங்க, உள்ள வரேன்!"

 சின்ன வயதில் அவர் இதே மனையில் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்ட குரல் அது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் கேட்டுக்கு வெளியே நின்று 'நாயைப் பிடி' என்று குரல் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் நாய் இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. நான் வந்திருக்கிறேன், சொல்லாமல் நுழைய மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். உள்ளே இருப்பவர் வந்து 'வா' என்றால் போகலாம். சத்தமே இல்லையென்றால், வரவேண்டாம் என்கிறார்கள் என்று புரிந்துகொண்டு திரும்பிவிட வேண்டும். வழக்கத்தை நினைவு வைத்திருந்தவர் இந்தக் குரலை மட்டும் மறந்திருந்தார்.

கேட்டைத் திறந்தார். பக்கத்து மனை மிஸ் மெர்டெல், தலையில் துணிக்கட்டு, இடுப்பில் கூடை. கேட் திறந்ததில் அவளுக்குத்தான் அதிர்ச்சி.

"ஆத்தாடி, இங்கிலீஷுக்கு இன்னைக்குக் காது கேட்டுடுச்சா?"

"என்ன வேணும், மிஸ் மெர்டெல்?"

"என் கோழி உங்க மதில் மேல ஏறி உள்ள குதிச்சிடுச்சு. இல்லைன்னா நான் ஏன் வரேன்? ஏற்கனவே நாலு தடவை வந்து நாய் இல்லாத வீட்டுல நாயைப் பிடின்னு கத்தித் தொண்டை கட்டினதுதான் மிச்சம்."

"நாலு தடவையா?"

"நீங்க வந்த வாரமே வந்தேன், துவரையும் கையுமா. நம்ம ஊர்ப் பாஸ்டர் வந்தாரு. உங்ககூடப் படிச்ச செட்ரிக் வந்தான். எல்லாரும் கூப்பிட்டுப் பாத்துட்டு, சரி, பெரிய மனுஷன், நம்ம முகத்துல முழிக்கப் பிடிக்கலைன்னு போய்ட்டோம்."

"மணி வச்சிருக்கேனே. அமுக்கியிருக்கலாமே."

"பட்டனா? அது டாக்டர் வீட்டுல இருக்கிறதுன்னா அமுக்கலாம். மனுஷன் வீட்டுக்கு வந்து குரல் குடுக்காம பட்டனை அமுக்குறதா?" மிஸ் மெர்டெல் கூடையை இடுப்பு மாற்றினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்க அண்ணனும் அதையேதான் சொன்னாரு. எங்கப்பன் மனைக்குள்ள போறதுக்கு நான் பட்டனை அமுக்கணுமான்னு."

லாசெல்ஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"டட்லி வந்தானா?"

"மூணு தடவை. முதல் தடவை சர்ச் கோட்டுப் போட்டுட்டு வந்தாரு. ரெண்டாவது தடவை சீமைப்பலா சுட்டு வாழையிலையில கட்டிக் கொண்டுவந்து, கூப்பிட்டுப் பாத்துட்டு, கேட்டுலயே மாட்டிட்டுப் போனாரு. சூடா திங்கணும், ஆறிடப் போகுதுன்னு ரொம்பக் கவலைப்பட்டாரு. மூணாவது தடவை அரை மணி நேரம் நின்னாரு. அப்பதான் எதிர்மேட்டுல ஏறி நின்னு உங்களைப் பாத்தாராம். கண்ணாடிக்குப் பின்னாடி டீ குடிச்சுட்டு நேரா இங்கயே பாத்துட்டு இருந்தீங்களாம்."

அவர் தினமும் அங்கே நின்று டீ குடிப்பவர்தான். அங்கிருந்து மதிலும் அதற்கு மேலே மலைகளும் தெரியும். கேட்டுக்கு வெளியே யார் நின்றாலும் தெரியாது. எதிர்மேட்டில் நின்ற ஒரு கிழவனை அவர் பார்த்திருக்கலாம். அண்ணனை அவர் கடைசியாகப் பார்த்தது நாற்பது வருஷத்துக்கு முன்னால். இதை மிஸ் மெர்டெலிடம் விளக்கப் பார்த்தார். ஜன்னல், ரப்பர், ஏசி என்று ஏதேதோ சொன்னார்.

"இதையெல்லாம் அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க," என்றாள். "ஆனா அவர் பதில் சொல்ல மாட்டாரு. வாய் போய் ஆறு வாரமாச்சு. பக்கவாதம். தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. ஒன்றரை மைல் கீழே அண்ணன் விழுந்தது அவருக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய அவமானம் அந்த மனிதருக்கு வாழ்க்கையில் நேர்ந்ததில்லை. கோழியை மிஸ் மெர்டெல்தான் பிடித்துக்கொண்டு போனாள். கேட்டைப் பூட்டாமல், காரை எடுக்காமல், வீட்டுச் செருப்போடு லாசெல்ஸ் சேற்றில் இறங்கி நடந்தார்.

அயோனி முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ரோட்டில் வரும்போதே அவரைப் பார்த்துவிட்டாள். கல்யாணம் ஆகி வந்த புதிதில் அவரை லாசி என்று கூப்பிட்டவள்.

"வாங்க மிஸ்டர் ஸ்வேபி," என்றாள். "வழி தவறி வந்துட்டீங்களா?"

அந்த 'மிஸ்டர்' வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் அவளும் சொன்னாள்.

டட்லி ஆரஞ்சு மரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கண்கள் மட்டும் பழைய டட்லியுடையவை. தம்பியை விட்டு அவை நகரவில்லை. லாசெல்ஸ் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷமாகத் தயார் பண்ணிவைத்திருந்த பேச்சில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"அண்ணே, அம்மாவுக்கு நான் வரலை. லீவு இருந்துச்சு. இருந்தும் வரலை. ஒரு கடிகாரத்துக்காக வரலை." அதுவரை யாரிடமும், ஐவியிடம்கூட, அவர் அதைச் சொன்னதில்லை. "நீ மூணு தடவை வந்தியாம். எனக்குக் கேக்கலைண்ணே. சத்தியமா கேக்கலை. சீமைப்பலாவைக்கூட யாருதுன்னு தெரியாமத் தூக்கிப் போட்டுட்டேன்."

லாசெல்ஸ் வாளியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்கிட்ட என்ன சொல்ல வந்தே?"

டட்லியின் முகம் இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் கோணிக் கோணி, கடைசியில் ஒரு சத்தம் வந்தது. "ப்பா." மறுபடி முயன்றார். "ப்பா."

லாசெல்ஸ் திரும்பி அயோனியைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான்," என்றாள் அவள். "தண்ணி வேணும்னாலும் அதான், ஈ மொய்ச்சாலும் அதான்."

"என்ன சொல்லப் போறேன்னு உங்ககிட்டச் சொன்னானா?"

"கேட்டேனே. மூணு தடவையும் கேட்டேன். தம்பிகிட்டச் சொல்ல வேண்டியதை உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்னுட்டாரு."

அப்படியானால் அது போனது போனதுதான். நாலு வார்த்தை திட்டத்தான் வந்தாரா, போனால் போகிறது விடு என்று சொல்லத்தான் வந்தாரா, இனி உலகத்தில் யாருக்கும் தெரியாது. முதல் நாளே இந்த ஒன்றரை மைலைக் கீழே நடந்திருந்தால் திட்டாவது கிடைத்திருக்கும். அந்தத் திட்டுக்காக இப்போது அந்த இருபத்திரண்டு ஜன்னல்களையும் அடித்து நொறுக்க அவர் தயாராக இருந்தார்.

டட்லியின் இடது கை நீண்டு வந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தது. மரம் வெட்டிப் பழகிய கை; பிடி இரும்பாக இருந்தது. முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து மறுபடி அதே சத்தத்தைச் சொன்னார், இந்தத் தடவை மெதுவாக.

"சரிண்ணே," என்று லாசெல்ஸ் தலையாட்டினார். "சரி, சரி. புரியுது. நீ சொல்றது சரிதான்."

 டட்லி கையை எடுத்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வாய்தான் போச்சு, புத்தி எங்கயும் போகலை," என்றாள் அயோனி, துணியைப் பிழிந்துகொண்டே. "சும்மா தலையாட்டினா அவருக்குத் தெரியும்."

லாசெல்ஸ் வாளியிலிருந்து எழுந்து அந்தப் பக்கம் போய்ச் சேற்றில் மண்டியிட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கவும் அவர் முயலவில்லை.

"புரியலைண்ணே," என்றார். "எனக்கு ஒண்ணும் புரியலை."

டட்லி திரும்பினார். தம்பியை நேராகப் பார்த்து, பொறுமையாக, மறுபடியும் வாயைத் திறந்தார். அதே சத்தம்தான் வந்தது.