மாம்பழச்சாலையில் சுற்றிய மோட்டார்

போன வாரம் எங்கள் வீட்டு மின்விசிறி நின்றுபோனது. மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் காயில் கடைக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே கால் வைத்ததும் குப்பென்று வார்னிஷ் வாசனை. "என்னம்மா, தலை சுத்துதா? உக்காருங்க" என்று கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். தலை சுற்றவில்லை. மல்லிகைப் பூவும் வறுத்த காப்பிக்கொட்டையும் உங்களைப் பழைய நாட்களுக்குக் கூட்டிப்போகலாம். எனக்கு வார்னிஷ், அதோடு ஒட்டிக்கொண்டு போலீஸ்.

திருச்சியில் ஒரு கான்வென்ட் பள்ளியில் அப்போது கடைசி வகுப்பு படித்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் அப்பாவோடு பஸ். யுத்த காலமாதலால் பெட்ரோல் கிடைக்காது; முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமியபடி ஓடும் பஸ் அது. இறங்கும்போது தாவணியெல்லாம் கரித்தூள். அப்பா சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸ் குண்டூசி ஒன்று தவறிப்போய்ச் சட்டையில் வந்துவிட்டால்கூட மறுநாள் பத்திரமாகக் கொண்டுபோய் வைக்கிற மனிதர்.

வெள்ளைக்காரனை வெளியே போகச் சொல்லி ஊர் கொந்தளித்துக்கொண்டிருந்தது. தந்திக் கம்பிகளை அறுக்கிறார்கள் என்று பேச்சு. காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் ரங்கன், ஊர்வலத்துக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. போலீஸ் வந்து அரிசிப் பானைக்குள்கூடக் கைவிட்டுத் துழாவிவிட்டுப் போனது. அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் உரக்கப் பேசவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள். நானோ பல்லிக்கே பயப்படுகிறவள்.

இந்த நேரத்தில்தான் பள்ளியில் சயின்ஸ் கண்காட்சி. எனக்கும் என் தோழி பிலோமினாவுக்கும் மின்சார மோட்டார் செய்யும் வேலை வந்தது. பிலோமினாவின் அப்பா ரயிலில் கார்டு, மேலப்புதூரில் வீடு. ஒரு சனிக்கிழமை மோட்டார் செய்ய அங்கே போனேன். பிலோமினா என்னைப் பின்னறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலில் ரங்கன் உட்கார்ந்திருந்தான். கார்டு சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை.

"வாயை மூடுடி அசடே. நான் இப்போ பிலோமினாவோட பெரியப்பா பிள்ளை" என்றான்.

கார்டின் மகனும் ரங்கனும் காலேஜில் ஒரே பெஞ்சு என்று பிறகுதான் சொன்னான். "அப்பாவுக்கு வேலை போயிடும். ஒருத்தர்கிட்டயும் சொல்லிடாத" என்று பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கெட்டுப்போன ஒரு மின்சார மணியிலிருந்து அவள் அப்பா பிரித்துவைத்திருந்த செப்புக் கம்பியை ரங்கன்தான் சுற்றினான். நாள் முழுக்க அறைக்குள் அடைந்து கிடந்தவனுக்கு அது பெரிய விளையாட்டு. கார்க்கில் பின்னல் ஊசியைக் குத்தி, அதன்மேல் இழை இழையாகக் கம்பி. சுற்றி முடித்ததும் கட்டுவதற்கு நூல் கேட்டான். பிலோமினா எடுக்கப் போவதற்குள், பையிலிருந்து சுருட்டிவைத்த தன் பூணூலை எடுத்து ஓர் இழையை அறுத்துக் கட்டிவிட்டான். முடிச்சும் பூணூல் முடிச்சு. மேலே அரக்கு வார்னிஷைப் பூசிக்கொண்டே சிரித்தான். "கழுத்துல இருந்தாத்தான் ஆபத்து."

ஒரு பலகையில் நிறுத்தி, கம்பி முனைகளைத் தொடச் செப்புத் தகடுகள் பொருத்தி, இரண்டு பக்கமும் லாட காந்தம் வைத்துப் பார்த்தோம். சுற்றவில்லை. செப்புத் தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு வரும்படி பிலோமினா மோட்டாரை என்னிடம் கொடுத்துவிட்டாள். வீட்டில் அதைப் பாவாடைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அந்த நூலை அவிழ்த்துவிடலாம் என்றால் வார்னிஷ் இறுகிப்போயிருந்தது.

திங்கட்கிழமை காலை பஸ் மாம்பழச்சாலை வந்ததும், பாலத்துக்கு முன்னால் போலீஸ் நிறுத்தியது. மூட்டை முடிச்செல்லாம் சோதனை. ஒரு கான்ஸ்டபிள் என் பையைத் திறந்தார். பலகை, கம்பி, காந்தம். "சார்! குண்டு சார்!" என்று அவர் பின்னால் குதித்த குதியில் பஸ்ஸே காலியாகிவிட்டது. கீரைக் கூடைக்காரி கூடையை விட்டுவிட்டு ஓடினாள். இன்றைக்குச் சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. அன்று அப்பாவும் நானும் மட்டும் அங்கே நின்றோம்.

சப் இன்ஸ்பெக்டர் வந்தார். அப்பாவின் பெயரைக் கேட்டார். கேட்டதும் முகம் மாறியது.

"ரங்கனோட அப்பாவா? பையன் எங்கே?"

"தெரியாதுங்க."

"இது என்னம்மா?"

"மோட்டார் சார். பள்ளிக்கூடத்துக்கு" என்றேன்.

"மோட்டார்னா சுத்தணுமே. சுத்திக் காட்டு."

தன் டார்ச்சைத் திறந்து பாட்டரிகளை எடுத்துக் கொடுத்தார். சாலையோரத்தில் உட்கார்ந்து கம்பி முனைகளை வைத்தேன். அசையவில்லை. இன்னொரு தடவை. அசையவில்லை. கான்ஸ்டபிளின் பூட்ஸ் என் கண்ணுக்கு நேரே இருந்தது. தவறி விரல் கார்க்கில் பட்டுவிட்டது போலிருக்கிறது. ஒரு திணறு திணறிவிட்டு அது விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. தூரத்தில் நின்ற கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து அதை நிறுத்தி, சுருளை விரலால் தடவினார்.

"கம்பி ஏது?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். பிலோமினா பெயரைச் சொன்னால் அந்த வீட்டுக்குப் போவார்கள். பின்னறையைத் திறப்பார்கள். அப்பா குனிந்து மோட்டாரை, சுருளைக் கட்டியிருந்த அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க குடுத்தேன்" என்றார். "எங்க ஆபீஸ் விசிறி ஒண்ணு கெட்டுப்போச்சு. அதுல இருந்த கம்பிங்க. கேக்காம எடுத்துண்டு வந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆபீஸ் சாமானைத் திருடிய குமாஸ்தா ஒருவர் அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பாட்டரிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "சரி, போங்க" என்றார்.

பஸ் போய்விட்டது. பாலத்தில் நடந்தோம். கீழே காவேரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்பா முன்னால் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்து ஓரடி பின்னாலேயே வந்தேன். நடுப்பாலத்தில் நின்றார்.

"உன் சிநேகிதி ஆத்துல மோர் உண்டோ?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"அவனுக்கு மோர் இல்லாம சாதம் இறங்காதே" என்றார். பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காற்று பலமாக இருப்பதாகச் சொன்னார்.

மறுநாளிலிருந்து என் டிபன் கேரியரில் ஓர் அடுக்கு கூடியது. நிறைய மோர் விட்டுப் பிசைந்த சாதம். பள்ளியில் அதைப் பிலோமினாவிடம் கொடுத்துவிடுவேன். பாலத்து முனையில் கான்ஸ்டபிள் மூடியைத் திறந்து மோந்து பார்க்கும்போதெல்லாம் நான் காவேரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரங்கன் கொஞ்ச நாளில் அந்த வீட்டை விட்டுக் கிளம்பி, வேறு ஊரில் பிடிபட்டான். அடித்துக் கேட்டும் எங்கே தங்கியிருந்தான் என்று சொல்லவில்லை. ஜெயிலிலிருந்து எலும்பும் தோலுமாக வந்தவனை அப்பா முதலில் கூட்டிப்போனது மேலப்புதூருக்கு. அதுவரை வெளியில் பச்சைத் தண்ணீர் குடித்தறியாதவர், பிலோமினாவின் அம்மா நீட்டிய காப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் கார்டுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. பிலோமினா கல்யாணமாகி வடக்கே போனாள். சில வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது, பிறகு அதுவும் நின்றது. அப்பா போய், ரங்கனும் போய்விட்டான். மேலப்புதூரில் அந்த வரிசை வீடுகளை இடித்து, பெரிய கட்டடம் கட்டி, கீழே வண்டிகள் நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு தடவை போய் நின்று பார்த்தேன். பின்னறை எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. காவலாளி வந்து, "யாரைப் பாக்கணும்மா?" என்றார்.