பட்டியலில் இல்லாத ஆள்

அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கேபிள் வேலையை அவர் யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. சுண்ணாம்புக்குளம் பக்கத்தில், ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைக்கும் குடும்பங்கள் எங்களுடையவை. ஒரு வருஷம் இறால் கண்ணிலேயே படாமல் போனதும், பொன்னேரியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனார். அலுவலகங்களில் கூரைக்கடியில் நெட்வொர்க் கேபிள் இழுக்கும் வேலை கிடைத்தது. நான் ஐடிஐ முடித்த பிறகு என்னையும் சேர்த்துக்கொண்டார்.

சில வருஷங்கள் போனதும் எங்கள் ஒப்பந்தக்காரர், சான்றிதழ் அட்டை உள்ளவர்கள் மட்டும்தான் இனி வேலைக்கு வரலாம் என்றார். பயிற்சியும் தேர்வும் ஆங்கிலத்தில். மாமா எட்டாவதோடு நின்றவர்.

"நீ போய் எழுது. உன் கார்டுல நான் வேலை செய்றேன். இன்னா இப்போ?" என்றார்.

ஒரு காகிதம் வாங்கத்தான் போகிறோம் என்று நினைத்துப் போனேன். அங்கே உட்கார்ந்தபோதுதான், நாங்கள் வருஷக்கணக்காகத் தப்பாகச் செய்துகொண்டிருந்தது புரிந்தது. கூரைக்கடியில் மின்சார ஒயர் போகும் நீள இரும்புத் தட்டிலேயே நெட்வொர்க் கேபிளையும் போடக் கூடாது. கரண்ட் கசிகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்தத் தட்டிலும் கை வைக்கக் கூடாது. மாமாவிடம் சொன்னேன்.

"கிளாஸ்ல சொல்றதுக்கெல்லாம் பயந்துக்கினு இருந்தா வேலை ஆவாது" என்று சிரித்தார். என்னைவிடக் கை தேர்ந்தவர். வாங்கிய டெஸ்டரைப் பைக்குள் போட்டு வைத்தேன்.

ஒரு நாள் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. மேலே ஏறுபவர்கள் பெயரையும், தட்டில் கரண்ட் இல்லை என்று சோதித்ததையும் காலையிலேயே ஒரு தாளில் எழுதிச் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். அட்டை இல்லாத மாமாவின் பெயரை வழக்கம்போல் விட்டுவிட்டேன். சோதித்தாயிற்று என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். டெஸ்டர் என் பைக்குள்ளேயே இருந்தது.

மாமா ஏணியில் ஏறி வியர்த்த கையால் தட்டைப் பிடித்தார். பெரிய சத்தம் எதுவும் இல்லை. உடம்பு ஒரு முறை விறைத்தது. அப்படியே மல்லாந்து சிமெண்டுத் தரையில் விழுந்தார். ஓடிப்போய்த் தலையைத் தூக்கினேன்.

"என் காலு எங்கடா கீது?" என்று கேட்டார்.

முதுகெலும்பு போய்விட்டது, இனி நடக்க முடியாது என்றார்கள் டாக்டர்கள். மறுநாள் சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"உன் ஷீட்ல அவர் பேரே இல்ல. வேலை செஞ்சாருன்னு சொன்னா உன் கார்டு போவும், கேஸும் உன் மேலதான் விழும். உனக்குச் சாப்பாடு குடுக்க வந்தவரு, சும்மா ஏணில ஏறிட்டாருன்னு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். ஒரு இடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

சாப்பாடு கொடுக்க வந்தவருக்கு நஷ்டஈடு கிடையாது என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு போய்ப் பொன்னேரியில் ஒரு வக்கீலிடம் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"அவரு உனக்குச் சோறு எடுத்தாந்தாரா?"

நான் குனிந்து வாசல் செருப்புகளை ஒதுக்கினேன்.

"எந்தச் சோறுடா? அன்னிக்குக் காலைல ரெண்டு பேருக்கும் நான்தானே கட்டிக் குடுத்தேன்?"

கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு மாதம் கழித்து அதே வக்கீலிடம் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வழக்கு நடக்கிறது. முதலில் எழுதியது பொய்யா, இப்போது எழுதியது பொய்யா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது, கோர்ட்டில் யாரும் என்னை நம்புவதுபோல் பார்ப்பதில்லை. அக்கா மறுபடி ஏரியில் இறங்குகிறாள்.

போன வாரம் மாமாவைப் பார்க்கப் போனேன். அக்கா உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

"நானும் அந்தப் பரீட்சை எழுதியிருந்தா, தட்டுல கை வெச்சிருக்க மாட்டேன்ல?" என்றார் மாமா.

"எழுதின எனக்குத் தெரியும், மாமா. தெரிஞ்சும் உங்களை ஏற விட்டேன்."

மாமா போர்வையைக் கையால் தள்ளிவிட்டார்.

"முதுகு எரியுது. கொஞ்சம் திருப்பிப் படுக்க வை" என்றார்.

திருப்பிப் படுக்க வைத்தேன். முகம் சுவர்ப் பக்கம் போய்விட்டது.