திரையில் காலியாக இருந்த இடம்

மும்பையில் எங்கள் செம்பூர் கட்டடத்தில் காரைப் பின்னால் எடுக்க ஒரு ஆள் போதாது. இரண்டு பக்கமும் வண்டிகள், பின்னால் மதில். என் மனைவி பின்னால் நின்று டிக்கியைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வரலாம். அடுத்தடுத்து இரண்டு என்றால் நிறுத்த வேண்டும். வரலாம் வரலாம் என்று வாட்ச்மேன் இந்தியில் கத்தும் "ஆனே தோ, ஆனே தோ"வைவிட எனக்கு அந்தக் கைதான் பழக்கம்.

போன வருடம் வாங்கிய புது வண்டியில் பின்புறக் கேமரா இருந்தது. என் மகள் வேறொரு கார் கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறாள். முன்பெல்லாம் காரில் ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பெட்டி இருக்குமாம். இப்போது கேமரா, மேப், பாட்டு, போன் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. யாருக்கு எவ்வளவு, யார் முதலில் என்று வகுப்பதுதான் அவள் வேலை.

"அவசரமானது காத்துண்டிருக்கக் கூடாதுப்பா. அவ்வளவுதான் என் உத்யோகம்" என்பாள். எனக்குப் பெருமை தாங்காது.

"இனிமே நீ வெயில்ல நிக்க வேண்டாம்" என்றேன் மனைவியிடம்.

"ஏன்னா, இது அவ கம்பெனி வண்டிகூட இல்லையே! அதுக்கே இவ்வளவு ஜம்பமா?" என்று சிரித்தாள். ஆனாலும் நிற்பதை விடவில்லை.

அன்று மாட்டுங்காவில் காய்கறி வாங்கக் கிளம்பினோம். ரிவர்ஸ் போட்டபோது போன் இணைந்து மேப் திறந்துகொண்டிருந்தது. திரையில் வெறும் தரை. இரண்டு தட்டு கேட்டது. மறுபடி திரையைப் பார்த்தேன், யாருமில்லை. பழக்கத்தில் தட்டுகிறாள் என்று நினைத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

அவள் வந்து நிற்பதற்கு முன்னாலேயே படம் உறைந்திருக்கிறது. மதிலுக்கும் வண்டிக்கும் நடுவில் அவளுடைய முழங்கால் நொறுங்கியது.

சயான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தவளிடம் மகள் கேட்டாள், "நீ தட்டலையாம்மா?"

"தட்டினேன். ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. அப்பாவுக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் சரியாகச் சாப்பிடவில்லை. தான் எழுதிய பழைய மென்பொருளைத் தோண்டிக்கொண்டே இருந்தாள். "கேமரா மேப்புக்குப் பின்னாடி வரிசையில காத்துண்டு நின்னிருக்கு. நானும் எங்கேயோ இதே தப்பைப் பண்ணியிருப்பேன்" என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜினாமா எழுதிவிட்டதாகச் சொன்னாள்.

"எனக்குக் கேட்டுது" என்றேன்.

"எது?"

"அம்மா தட்டினது. ரெண்டும்."

லேப்டாப்பை மூடினாள். "இது அம்மாவுக்குத் தெரியுமா?"

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "எல்லாம் தெரியும். அவரை விடுடி, காபி ஆறிண்டிருக்கு."

ராஜினாமாவை அவள் அனுப்பவில்லை. மறுநாள் மனைவியின் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் நாள். வாக்கரை மடித்து வைத்துக்கொண்டு அவளும் மகளும் ஆட்டோவில் ஏறினார்கள். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். மகள் டிரைவரிடம் "சலோ பையா" என்றாள்; என்னை ஏற்றிக்கொள்ளாமல் ஆட்டோ கிளம்பியது.